மூன்றில் ஒரு பங்கு

ஏப்ரல் 11

அன்புள்ள கடுகுக்கு,

நான் நலம். நீயும் நலமாக இருப்பாய் என்று எழுதுவதுதான் முறை. ஆனால் மூன்று வாரமாக நீ தொலைபேசியை எடுக்கவில்லை. தெரியாத ஒன்றைத் தெரிந்ததுபோல எழுத எனக்கு வராது.

தினமும் காலை பதினொரு மணிக்கு அழைக்கிறேன். மணி அடித்து ஓய்கிறது. சாயங்காலம் "நலம், வேலை" என்று இரண்டே சொல்லில் செய்தி அனுப்புகிறாய். அந்தப் பொடி எழுத்தை மாடியில் குடியிருக்கும் தையற்காரரின் மனைவிதான் எனக்கு வாசித்துக் காட்டுகிறாள். நேற்று, "ஏன் பெரியம்மா, உங்க பொண்ணுக்குப் பேச்சை ரேஷன்ல போடறாங்களா?" என்று கேட்டாள். சிரித்து வைத்தேன். வேறு என்ன செய்வது?

நேரில் வந்து பார்க்கலாம் என்றால் பேருந்து இல்லை. அனுமதிச் சீட்டு வாங்க வரிசையில் இரண்டு மணி நேரம் நின்றேன். 'காரணம்' என்ற கட்டத்தில் 'மகள் தொலைபேசியை எடுப்பதில்லை' என்று எழுதினேன். அந்த அலுவலர் என்னைப் பார்த்து, "அம்மா, இந்தக் காரணத்துக்கு விட்டா ஊரே கிளம்பிடும்" என்றார். உண்மையை எழுதினால் இதுதான் மரியாதை.

தையற்காரர் சட்டை தைப்பதை விட்டுவிட்டு முகக்கவசம் தைக்கிறார். உனக்கென்று பன்னிரண்டு வைத்திருக்கிறேன். ஓரத் தையல் சரியில்லை என்று நாலைப் பிரித்து மறுபடி தைக்கச் சொன்னேன். உடனே பதில் எழுது. ஓரம் விட்டு எழுது.

அன்பிலும் கண்டிப்பிலும் குறையாத,
அம்மா


ஏப்ரல் 24

பிரியமுள்ள அம்மாவுக்கு,

உங்கள் கடிதம் வந்து சேர ஒன்பது நாள் ஆகியிருக்கிறது. உறையில் உங்கள் கையெழுத்தைப் பார்த்ததும் முதுகை நிமிர்த்தி உட்கார்ந்தேன். பழக்கம்.

போனை ஏன் எடுப்பதில்லை என்று சொல்கிறேன். மருத்துவமனையில் என்னை விசாரணை மேசையிலிருந்து மாற்றிவிட்டார்கள். உள்ளே யாரையும் பார்க்க விடுவதில்லை அல்லவா, அதனால் நோயாளிகளின் வீட்டுக்கு நாங்கள்தான் தினமும் பேசிச் சொல்ல வேண்டும். மருந்துக் கிடங்குக்குப் பின்னால் ஒரு அறை. நான்கு பேர், நான்கு போன். மதியம் இரண்டு மணிக்குத் தாள் வரும். பெயர், படுக்கை எண், நிலை. 'மாற்றமில்லை' என்று இருக்கும், அல்லது 'தீவிரக் கவனிப்பில்' என்று இருக்கும். சிலருக்கு ஒன்றும் எழுதாமல் படுக்கை எண்ணை மட்டும் வட்டமிட்டிருப்பார்கள். அந்த வீடுகளைக் கடைசியில் அழைப்போம். ஒரு வீட்டுக்கு மூன்று நிமிடம். ஒரு நாளைக்கு அறுபது, எழுபது வீடு.

ஒரு பெரியவர். மனைவி உள்ளே இருந்தார். ஒவ்வொரு நாளும் கடைசியில் ஒரே கேள்விதான் கேட்பார். "அவ கண்ணாடி போட்டிருக்காளாம்மா? அது இல்லாம அவளுக்கு எதிர்ல நிக்கறது யாருன்னே தெரியாது." எனக்கு எப்படித் தெரியும்? "போட்டிருக்காங்க ஐயா" என்றேன். பதினொரு நாள் அப்படியே சொன்னேன். பன்னிரண்டாவது நாள் எண்ணை வட்டமிட்டு வந்தது. அந்த அம்மாவின் பொருட்களைத் திருப்பிக் கொடுக்க உறையில் போடும்போது பார்க்கிறேன், கண்ணாடி எங்கள் அறை அலமாரியிலேயே இருக்கிறது. முதல் நாளே கழற்றி, சீட்டு ஒட்டி வைத்திருக்கிறார்கள். என் நாற்காலிக்குப் பின்னால், கை எட்டும் தூரத்தில்.

காலையில் வேலைக்குக் கிளம்பும் முன் மணி அடித்தால் நீங்கள்தான் என்று தெரியும். தெரிந்தும் கை போவதில்லை. கடிதத்துக்கு மணி கிடையாது. அதனால் இதை எழுத முடிகிறது.

சரியாகத் தூங்கிப் பல நாளாகிறது. குளித்து நான்கு நாளாகிறது என்பதை இன்றுதான் கவனித்தேன். நான் நான் மாதிரி

கடுகு


மே 5

அன்புள்ள கடுகுக்கு,

உன் கடிதத்தைத் திருத்தி இத்துடன் திருப்பி அனுப்புகிறேன். கோபித்துக்கொள்ளாதே, இது நம் பழைய வழக்கம்தானே. இரண்டு இடத்தில் ஒற்றெழுத்து விட்டிருக்கிறாய். கடைசி வாக்கியத்தை முடிக்கவே இல்லை. முடிக்காத வாக்கியம் பொத்தான் போடாத சட்டை மாதிரி என்று எங்கள் கான்வென்டில் சிஸ்டர் சொல்வார்.

உனக்குக் களைப்பு. வேறொன்றுமில்லை. காலை ஐந்தரைக்கு எழுந்திரு, பச்சைத் தண்ணீரில் நன்றாகக் குளி, அறையைப் பெருக்கு. ஒரு கால அட்டவணை போட்டுச் சுவரில் ஒட்டு. உன் அப்பா போன பிறகு நான் பதினாறாம் நாளே அலுவலகம் போனேன். மேலாளர் எழுந்து நின்றார். நம் வீட்டில் யாரும் மூலையில் உட்கார்ந்ததில்லை.

அந்தப் பெரியவரிடம் நீ சொன்னது பொய்தான். ஆனால் அவரைப் பதினொரு நாள் தூங்க வைத்த பொய். அதையே நினைத்துக்கொண்டிராதே.

முகக்கவசம் பன்னிரண்டும் தனிக்கட்டாக வருகிறது. தையற்காரரின் மனைவி எங்கிருந்தோ ஒரு பூத்துணியைத் தேடி, உனக்கென்று ஒன்று தைத்திருக்கிறாள். "ஆஸ்பத்திரியில எல்லா மூஞ்சியும் ஒரே மாதிரி இருக்குமே பெரியம்மா, இதாவது வேற மாதிரி இருக்கட்டும்" என்றாள்.

அன்புடன்,
அம்மா


மே 18

பிரியமுள்ள அம்மாவுக்கு,

பூத்துணியைத்தான் தினமும் போட்டுக்கொள்கிறேன். அவளிடம் சொல்லுங்கள்.

அட்டவணை போட்டேன். இரண்டு நாள் நடந்தது. இது களைப்பு இல்லை அம்மா. என்னவென்று எனக்கே சொல்லத் தெரியவில்லை. அதனால் சொல்லத் தெரிந்த யாரையாவது தேடலாம் என்று கிளம்பினேன். தேடிய கதையைக் கேளுங்கள்.

எங்கள் மனநலப் பிரிவில் இப்போது காய்ச்சல்காரர்களைப் படுக்க வைத்திருக்கிறார்கள். அங்கிருந்த மருத்துவரையும் காய்ச்சல் வார்டில் போட்டுவிட்டார்கள். நடைபாதையில் பிடித்துக் கேட்டேன். சுவரில் சாய்ந்துகொண்டு, "ரெண்டு வாரம் போகட்டும்மா. உங்களுக்கு நான் சொல்லணும்னா நான் முதல்ல தூங்கணும்" என்றார். வெளியே ஒருவரைச் சொன்னார்கள், போனேன். 'மறு அறிவிப்பு வரை' என்று பலகை தொங்கியது.

சுவரெல்லாம் ஒட்டியிருக்கிறார்கள். "மனம் பாரமா? உடனே அழையுங்கள்." அழைக்க வேண்டுமாம். போனில். ஒரு மதியம் பல்லைக் கடித்துக்கொண்டு அழைத்தேன். வரிசையில் நாற்பத்து மூன்றாவது ஆள் என்றது. ஒரு மணி நேரம் காதில் இசையோடு நின்றேன். கடைசியில் ஒரு பெண் எடுத்து, "வணக்கம், சொல்லுங்க" என்றாள். என் வாய் தானாகச் சொல்லிவிட்டது: "வணக்கம், மருத்துவமனையிலிருந்து பேசறேன்."

அந்தப் பக்கம் நாற்காலி தள்ளப்படும் சத்தம் கேட்டது. பிறகு, "எங்கம்மாவுக்கு என்னங்க ஆச்சு?" என்றாள்.

அவளுடைய அம்மாவும் எங்கேயோ படுத்திருக்கிறாள். "ஒண்ணும் இல்லைங்க, எண் மாறிப் போச்சு" என்று வைத்துவிட்டேன். இனி எனக்கென்று யாரையும் அழைக்க என்னால் முடியாது.

இப்போது மிச்சம் இருப்பது ஒரு மனநல மையம். எழுத்தில் விண்ணப்பித்தால் வாசித்துப் பார்த்து, அவசரம் என்று தோன்றுகிறவர்களை அதே வாரம் நேரில் பார்க்கிறார்கள். மற்றவர்களுக்கு வரிசை. ஒரு படிவம், அதோடு நம் நிலையைப் பற்றி ஒரு பக்கம். ஒரு பக்கத்துக்கு மேல் போனால் வாசிக்க மாட்டார்கள். நான் எழுதியது மூன்று பக்கம் வந்துவிட்டது. எதை எடுப்பது என்று தெரியாமல் நாலு நாள் பார்த்துக்கொண்டே இருந்தேன். உங்களுக்குத்தான் இது கைவந்த கலை. சுருக்கித் தருவீர்களா? அப்படியே படியெடுத்து அனுப்பிவிடுவேன்.

படிவத்தில் ஏழாவது கேள்வி: "குடும்பத்தில் எவருக்கேனும் மனநோய் இருந்ததுண்டா? ஆம் எனில், பயனளித்த சிகிச்சை என்ன?" எனக்குத் தெரிந்து இல்லை. இருந்தாலும் உங்களைக் கேட்டு எழுதுகிறேன்.

இப்படிக்கு,
கடுகு


மே 29

அன்புள்ள கடுகுக்கு,

மூன்று பக்கத்தை ஒரு பக்கமாக்கிவிட்டேன். நூற்றெண்பது சொல்லை அறுபதாக்கு, பொருள் சிந்தாமல், என்பதுதான் எங்களுக்கு வாராவாரம் பயிற்சி. மூன்றில் ஒரு பங்கு; அதில் ஒரு சொல் கூடினாலும் சிஸ்டர் மதிப்பெண்ணில் கை வைப்பார். எட்டாம் வகுப்பில் அதற்கு நான் பரிசு வாங்கியிருக்கிறேன்.

எதை எடுத்தேன் என்று சொல்லிவிடுகிறேன். கண்ணாடி விஷயம் முழுவதும் எடுத்தாயிற்று. அது உன் பணி விவரம், உடல்நிலை விவரம் இல்லை. "முடியவில்லை" என்று ஏழு இடத்தில் வருகிறது, ஒன்று போதும். அழுகை மூன்று இடத்தில், அதிலும் ஒன்று போதும். உன் கட்டடத்து மொட்டை மாடிச் சாவியைக் காவலாளியிடம் நீயே கொடுத்து, "நான் கேட்டாலும் தராதீங்க" என்று சொன்னதை எடுத்துவிட்டேன். அன்னியர் கையில் போகும் தாளில் அது தேவையற்ற விவரம்.

இப்போது வாசித்துப் பார். "கடந்த மார்ச் முதல் பணிச்சுமை காரணமாக எனக்கு உறக்கக் குறைவும் மனச்சோர்வும் ஏற்பட்டுள்ளன. அன்றாடக் கடமைகளில் ஆர்வம் குறைந்துள்ளது. தொலைபேசி உரையாடல்களைத் தவிர்க்க விரும்புகிறேன். தகுந்த ஆலோசனை கிடைத்தால் விரைவில் இயல்பு நிலைக்குத் திரும்ப இயலும் என நம்புகிறேன்." இப்படிப் போகிறது. கையில் எடுப்பவர்களுக்கு உன் மேல் ஒரு மதிப்பு வரும்.

ஏழாவது கேள்விக்கு: இல்லை. என் பக்கத்திலும் இல்லை, உன் அப்பா பக்கத்திலும் இல்லை.

சாவி காவலாளியிடமே இருக்கட்டும். மாடியில் உனக்கு என்ன வேலை?

அன்புடன்,
அம்மா


ஜூன் 20

அம்மாவுக்கு,

உங்கள் பக்கத்தை ஒரு புள்ளி மாறாமல் படியெடுத்து அனுப்பினேன். நேற்று பதில் வந்தது. அவர்கள் எழுதியதையே எழுதுகிறேன்.

"உங்கள் விண்ணப்பத்தைக் கவனமாக வாசித்தோம். உங்கள் நிலையை நிதானமாகவும் தெளிவாகவும் விவரித்துள்ளீர்கள். குடும்பத்தில் முன்வரலாறு இல்லை என்பதும் நம்பிக்கை அளிக்கிறது. தற்போது உங்களைப் பொதுப்பிரிவில் சேர்த்துள்ளோம். காத்திருப்பு ஏறத்தாழ பதினெட்டு வாரங்கள். மூச்சுப் பயிற்சிக் கையேடு இணைக்கப்பட்டுள்ளது."

அந்தப் பக்கத்தின் நகலை எடுத்து மறுபடி வாசித்தேன். நீங்கள் எழுதியிருக்கும் அந்தப் பெண்ணுக்கு ஒன்றுமே இல்லை அம்மா. யாராவது இரண்டு நாள் விடுப்புக் கொடுத்தால் சரியாகிவிடுவாள். அவளை எனக்குத் தெரியாது.

அவர்கள் மேல் தப்பில்லை. நானும் தாளில் எழுதியிருப்பதைத்தானே ஒவ்வொரு வீட்டுக்கும் வாசிக்கிறேன்.

போன திங்கட்கிழமை காவலாளியிடம் துணி உலர்த்த வேண்டும் என்று சொன்னேன். "தர வேண்டாம்னு நீங்கதானே சொன்னீங்க மேடம்?" என்றார். "அது அப்போ, இப்போ சரியாயிட்டேன்" என்றேன். கொடுத்துவிட்டார். சாவி என்னிடம் இருக்கிறது.

கடுகு


ஜூன் 30

என் கண்ணே,

இந்தக் கடிதத்தில் பிழை இருந்தால் இருக்கட்டும். திருப்பிப் படித்துப் பார்க்கப் போவதில்லை.

முதலில் அந்தச் சாவி. இதைப் படித்து முடித்ததும் படியிறங்கிப் போய்க் காவலாளியிடம் கொடுத்துவிடு. பிறகு மேலே வந்து மிச்சத்தைப் படி.

சாவியைப் பற்றி நீ எழுதிய வரி எனக்குப் புரியாமல் நான் அடிக்கவில்லை. புரிந்ததால்தான் அடித்தேன்.  சிவப்புப் பேனாவை எடுத்து ஒரு கோடு போட்டேன். கோடு போட்டதும் அது நடக்காத விஷயம் மாதிரி ஆகிவிட்டது. எழுந்து போய்ப் பால் காய்ச்சினேன்.

ஏழாவது கேள்விக்கு நான் சொன்னது பொய்.

உனக்கு ஒன்பது வயதில் அப்பா பதினொரு வாரம் ஊரில் இல்லை. நில அளவைப் பயிற்சிக்குப் போயிருக்கிறார் என்று உன்னிடமும் தெருவிடமும் என் அலுவலகத்திடமும் சொன்னேன். அவர் இருந்தது மனநல மருத்துவமனையில். அதற்கு முன் ஆறு மாதமாக அவர் வேலைக்குப் போவதாகச் சொல்லிவிட்டுப் பூங்காவில் உட்கார்ந்திருந்திருக்கிறார். அதற்கும் முன்னால், நிலம் அளக்கப் போன இடத்தில் அளவுச் சங்கிலியைப் பிடித்துக்கொண்டு ஒரு நாள் முழுக்க நகராமல் நின்றாராம். கூட வேலை செய்தவர் வந்து, "அண்ணி, அண்ணனைத் திட்டாதீங்க. அவரு நடிக்கலை" என்றார். நான் அதுவரை திட்டிக்கொண்டுதான் இருந்தேன்.

பயிற்சி முகாமிலிருந்து என்று உனக்கு நான்கு கடிதம் வந்ததே, "அம்மா சொல்வதைக் கேள், கணக்கைப் போட்டுப் பழகு" என்று, அவற்றை எழுதியது நான். கையெழுத்தைச் சாய்த்து எழுதினேன். அவர் அங்கே பேனா பிடிக்கிற நிலையில் இல்லை.

அவருக்குக் குணமாயிற்று கடுகு. அதைத்தான் நீ தெரிந்துகொள்ள வேண்டும். நன்றாகக் குணமாயிற்று. பிறகு இருபத்திரண்டு வருடம் வேலை பார்த்தார். உனக்குச் சைக்கிள் பழக்கினார், உன் பள்ளிக்கூட நாடகத்தில் முதல் வரிசையில் உட்கார்ந்து எல்லோருக்கும் கேட்கிற மாதிரி சிரித்தார், உன்னைக் கல்லூரியில் கொண்டுபோய்ச் சேர்த்தார். அவ்வளவும் குணமான மனிதர் செய்தது. சாப்பிட்டதும் "வைட்டமின்" என்று இரண்டு மாத்திரை விழுங்குவாரே, அது வைட்டமின் இல்லை. மாதாமாதம் அந்த டப்பாவில் மாற்றிப் போட்டு வைத்தது நான்தான். ஒரு தடவை அவரே, "பாப்பா வளந்துட்டா, அவகிட்ட சொல்லிடலாமே" என்றார். "உங்களுக்கு மானமில்லாமல் இருக்கலாம், எனக்கு இருக்கிறது" என்றேன். அதற்குப் பிறகு அவர் கேட்கவில்லை.

நோயை மறைத்தேன். அதோடு சேர்த்து அவர் அதிலிருந்து எழுந்து வந்ததையும் மறைத்துவிட்டேன்.

அவருடைய மருந்துச் சீட்டு இந்த உறைக்குள் இருக்கிறது. மருத்துவர் கையால் எழுதியது. இது ஒன்றுதான் மிச்சம். மையத்துக்கு மறுபடி எழுது. ஏழாவது கேள்விக்கு 'ஆம்' என்று எழுது. சீட்டை இணை. நீ முதலில் எழுதிய மூன்று பக்கத்தையும் அப்படியே அனுப்பு. என் கோடுகள் படாத பிரதி உன்னிடம் இருக்கிறதா? இல்லையென்றால் புதிதாக எழுது, வாக்கியம் முடியாவிட்டாலும் பரவாயில்லை.

உடனே கிளம்பி வந்திருப்பேன். தையற்காரருக்குக் காய்ச்சல் கண்டு நேற்று தெரு முனையில் தகரம் அடித்துவிட்டார்கள். இரண்டு வாரத்துக்கு யாரும் வெளியே போக முடியாது. இதைத் தபால்காரரிடம் தகரத்துக்கு மேலாக நீட்டப் போகிறேன்.

அம்மா


ஜூலை 14

அம்மாவுக்கு,

உங்கள் கடிதம் வந்தது. உறை கனமாக இருக்கிறது. உள்ளே என் போன கடிதத்தைத் திருத்தி வைத்திருப்பீர்கள், இன்னொரு அட்டவணையும் இருக்கும் என்று நினைக்கிறேன். பிரிக்கவில்லை. கோபத்தில் சொல்லவில்லை. சிவப்பு மையைப் பார்க்கிற தெம்பு இப்போது இல்லை. மேசையில் வைத்திருக்கிறேன்.

வேலைக்குப் போவதை நிறுத்திவிட்டேன். கூட வேலை செய்கிற பெண் வந்து கதவைத் தட்டினாள். திறந்தேன், பேச வரவில்லை. பாவம், சாப்பாட்டை வைத்துவிட்டுப் போனாள்.

நம் குடும்பத்தில் எனக்கு மட்டும் ஏன் இப்படி ஆயிற்று என்று யோசித்துக்கொண்டே இருக்கிறேன். அப்பா இருந்திருந்தால் சொல்லியிருக்கலாமோ என்று ஒரு நிமிடம் தோன்றியது. ஆனால் அவருக்கு இதெல்லாம் புரிந்திருக்காது. அவ்வளவு கலகலப்பான மனிதர்.

இனி எழுத வேண்டாம் அம்மா. உறையைப் பார்த்தாலே, உள்ளே நான் என்ன தப்புச் செய்திருக்கிறேனோ என்றுதான் முதலில் தோன்றுகிறது. நானும் எழுத மாட்டேன்.

உடம்பைப் பார்த்துக்கொள்ளுங்கள்.

கடுகு


(அஞ்சலட்டை)
ஜூலை 24

கடுகு, இதில் பிரிப்பதற்கு ஒன்றும் இல்லை. உன் அப்பாவுக்கு மனநோய் இருந்தது. மருத்துவமனையில் பதினொரு வாரம் இருந்தார். குணமானார். இப்படி ஆனது உனக்கு மட்டும் இல்லை. விவரமும் மருந்துச் சீட்டும் உன் மேசையில் இருக்கிற உறைக்குள். சிவப்பு மை ஒரு துளிகூட இல்லை. சாவியை, சாப்பாடு கொண்டுவந்த அந்தப் பெண்ணிடம் கொடுத்துவிடு. இங்கே தகரத்தை இன்னும் எடுக்கவில்லை, என்னால் வர முடியவில்லை. – அம்மா


(அஞ்சலட்டை)
ஜூலை 31

கடுகு, மையத்துக்கு நானே எழுதிக் கேட்டேன். பதில் வந்துவிட்டது. "விண்ணப்பத்தில் திருத்தம் செய்ய விண்ணப்பதாரர் மட்டுமே கோரலாம்." ஆகவே நீதான் எழுத வேண்டும். ஒரு வரி போதும். உன் மருத்துவமனைக்குத் தொலைபேசி செய்தேன். அந்தப் பெண்தான் எடுத்தாள். உன் அறைக் கதவு திறப்பதில்லை, உள்ளே நடமாட்டம் மட்டும் கேட்கிறது என்றாள். அழைக்க வேண்டிய வீடு இன்னும் முப்பது இருக்கிறது என்றாள். மூன்று நிமிடத்தில் வைத்துவிட்டாள். – அம்மா


(அஞ்சலட்டை)
ஆகஸ்ட் 12

கடுகு, தையற்காரர் தேறாமலே போய்விட்டார். அவர் மனைவி மேலே தனியாக இருக்கிறாள். மறுபடி பதினான்கு நாளுக்குத் தகரத்தை நீட்டித்திருக்கிறார்கள்.

இன்று தபால்காரர் வந்தார். நான் கேட்பதற்கு முன்பே, "ஒண்ணும் வரலைம்மா" என்றார். பிறகு போகாமல் நின்றார். "மன்னிச்சுக்கோங்க. அட்டைங்கிறதால கண்ணு அதுமேல போயிடுச்சு. எங்கண்ணனுக்கும் இருந்துச்சும்மா. நாங்க யார்கிட்டயும் சொல்லலை" என்றார். இந்த அட்டையையும் அவர்தான் எடுத்துப் போகிறார். படிக்கட்டும். அவர் படித்துவிட்டார், தபால் நிலையத்தில் பிரித்துப் போடுகிறவர்கள் படித்திருப்பார்கள், உன் கட்டடத்துக் காவலாளியும் படித்திருப்பார்.

நீ படித்தாயா என்று மட்டும் தெரியவில்லை.

அம்மா